கசடுமேட்டில் ஒரு கோல்ஃப் மைதானம்

அமெரிக்காவின் மோன்டானா மாநிலத்தில், ராக்கி மலைகளுக்கு நடுவே சுமார் 5,300 அடி உயரத்தில் இருக்கிறது அனகோண்டா என்ற சிற்றூர். ஊரின் வடக்கு ஓரத்தில் 1997 முதல் ஒரு கோல்ஃப் மைதானம் இயங்கிவருகிறது. அதன் பெயர் ‘ஓல்ட் வொர்க்ஸ்’, அதாவது பழைய ஆலை. பெயரில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. புல்வெளிக்கு அடியில் கிடப்பது 19-ஆம் நூற்றாண்டுத் தாமிர உருக்காலை விட்டுப்போன கழிவு. அந்தக் கழிவை யாரும் அள்ளிக்கொண்டு போகவில்லை. மேலே மண்ணைப் பரப்பி, புல்லை வளர்த்து, பதினெட்டுக் குழிகள் வெட்டிக் கொடியும் நட்டார்கள். பந்து போய்ச் சிக்கிக்கொள்ளும் மணற்குழிகளில்கூட வெள்ளை மணலுக்குப் பதிலாகத் தாமிரம் உருக்கியதில் மிஞ்சிய கரிய கசடுதான் கொட்டப்பட்டிருக்கிறது.

இப்படி ஒரு மைதானம் ஏன் தேவைப்பட்டது என்பது அந்த ஊர் எதற்காகப் பிறந்தது என்பதில் தொடங்குகிறது. அனகோண்டாவிலிருந்து கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் பியூட் நகரம். அங்கே வெள்ளிக்காகத் தோண்டிய சுரங்கத்தில் தாமிரம் கிடைத்தது. தோண்டியவர் மார்கஸ் டேலி, அயர்லாந்திலிருந்து இளவயதில் கையில் காசில்லாமல் வந்தவர். நேரம் அவருக்கு வாய்ப்பாக அமைந்தது. 1882-இல் நியூயார்க்கில் எடிசனின் மின்நிலையம் ஓடத் தொடங்கியிருந்தது. மின்கம்பிக்கும் தந்திக்கும் தாமிரம் மலைமலையாக வேண்டியிருந்தது. ஆனால் தாதுவை நசுக்கிக் கழுவிப் பிரிக்க ஏராளமான தண்ணீர் தேவை. பியூட்டில் அது போதவில்லை. வார்ம் ஸ்பிரிங்ஸ் ஓடை ஓடும் பள்ளத்தாக்கை டேலி தேர்ந்தெடுத்து, 1883-இல் ஊருக்கு மனை பிரித்தார். ‘காப்பரோபொலிஸ்’ என்று பெயர் வைக்கத்தான் நினைத்தார்; அந்தப் பெயரில் மாநிலத்தில் ஏற்கெனவே ஓர் ஊர் இருந்ததால் சுரங்கத்தின் பெயரான அனகோண்டாவே ஊருக்கும் ஒட்டிக்கொண்டது. அடுத்த ஆண்டே உருக்காலை புகைவிடத் தொடங்கியது. மாநிலத் தலைநகராகும் போட்டியில்கூட இந்த ஊர் இறங்கியது. 1894-இல் ஹெலீனாவிடம் தோற்றது.

தாமிரத் தாது பூமியிலிருந்து தனியாக வருவதில்லை. கந்தகத்தோடும் இரும்போடும் கலந்தே வரும். பியூட் தாதுவில் கூடுதலாக ஆர்செனிக்கும் இருந்தது. நாட்டு மருத்துவர்கள் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்வது இந்த ஆர்செனிக்கின் ஒரு வடிவம்தான். தாதுவை வறுக்கும்போது கந்தகம் புகையாகிப் போகிறது; ஆர்செனிக்கும் ஆவியாகிப் புகைவழியில் ஏறி, குளிர்ந்ததும் வெண்பொடியாகப் படிகிறது. உலையில் உருகிய குழம்பில் தாமிரம் கலந்த பகுதி கனத்தால் கீழே தங்க, இரும்பும் மணலும் சேர்ந்து கண்ணாடிபோல் மேலே மிதக்கும். அதை வடித்துக் கொட்டினால் ஆறிக் கறுத்துக் கெட்டியாகிறது. இதுதான் கசடு; கொல்லன் பட்டறையில் கிட்டம் என்பார்களே, அதன் தாமிர வடிவம். தாதுவைக் கழுவும்போது ஒதுங்கும் பொடிமணல் வேறு வகைக் கழிவு. ஓல்ட் வொர்க்ஸில் அது செந்நிறமாகக் குவிந்திருந்ததால் அந்தப் பகுதிக்கே ‘ரெட் சாண்ட்ஸ்’ என்று பெயர் வந்தது. இவை எல்லாமே ஓடைக்கரையிலும் மலைச்சரிவிலும் கொட்டப்பட்டன. அந்தக் காலத்தில் அதைக் குற்றமாக யாரும் நினைத்ததில்லை.

பழைய ஆலை ஏறத்தாழ இருபது ஆண்டுகள்தான் ஓடியது. இடம் போதாமல், 1902-இல் பள்ளத்தாக்கின் மறுபக்கம் குன்றின்மேல் வாஷோ உருக்காலை திறக்கப்பட்டது. பழையது மூடப்பட்டுப் பின்பு இடிக்கப்பட்டது. வாஷோ வந்த சில மாதங்களிலேயே பள்ளத்தாக்கில் மேய்ந்த மாடுகளும் குதிரைகளும் சாகத் தொடங்கின. புகையோடு வந்து புல்லில் படிந்த ஆர்செனிக்கே காரணம். விவசாயிகள் 1905-இல் ஆலை நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தார்கள். 1909-இல் தீர்ப்பு நிறுவனத்தின் பக்கம் விழுந்தது. புகையைக் குறைப்பதைவிட உயரத்தில் விடுவது எளிது என்பதே அன்றைய தொழில்நுட்பத்தின் போக்கு. 1919-இல் கட்டி முடிந்த வாஷோ புகைபோக்கியின் உயரம் 585 அடி. 555 அடி உயர வாஷிங்டன் நினைவுத்தூணை அப்படியே இதற்குள் இறக்கிவிடலாம். உலகில் எஞ்சியிருக்கும் செங்கல் கட்டுமானங்களில் மிக உயரமானவற்றுள் ஒன்றான அது இன்றும் நிற்கிறது. கோல்ஃப் ஆடுகிறவர் பள்ளத்தாக்கின் மறுபுறம் நிமிர்ந்து பார்த்தால் அதுதான் கண்ணில் படும்.

1977-இல் அட்லாண்டிக் ரிச்ஃபீல்ட் என்ற எண்ணெய் நிறுவனம், ஆலையை நடத்திவந்த அனகோண்டா கம்பெனியை வாங்கியது. மூன்றே ஆண்டில், 1980 செப்டம்பர் 29 அன்று, உருக்காலை மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. ஒரே வேலையை நம்பி வாழ்ந்த ஊரில் சுமார் ஆயிரம் பேருக்கு வேலை போனது. அதே ஆண்டு டிசம்பரில் வாஷிங்டனில் ஒரு சட்டம் நிறைவேறியது. நச்சுக் கழிவு கிடக்கும் இடங்களைத் துப்புரவாக்கும் பொறுப்பை, கழிவை உண்டாக்கியவர்மீதோ அந்த நிலத்தின் உடைமையாளர்மீதோ அது சுமத்தியது. சூப்பர்ஃபண்ட் என்று பரவலாக அறியப்படும் சட்டம் இதுவே. கழிவைக் கொட்டியபோது அது சட்டவிரோதமாக இல்லை என்ற வாதம் இதன்முன் எடுபடாது. சொத்தை வாங்கியவர் பொறுப்பையும் சேர்த்து வாங்கியவராகிறார். எண்ணெய் வியாபாரம் செய்துவந்த நிறுவனத்தின் தலையில் நூறாண்டுத் தாமிரக் கழிவு விழுந்தது இப்படித்தான்.

1983-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அனகோண்டா உருக்காலைப் பகுதியைச் சூப்பர்ஃபண்ட் பட்டியலில் சேர்த்தது. புகை படிந்த மலைகளையும் மேய்ச்சல் நிலங்களையும் சேர்த்து அதன் பரப்பு சுமார் 300 சதுர மைல். ஆலைக்கு அருகில் இருந்த மில் கிரீக் என்ற குடியிருப்பில் குழந்தைகளின் சிறுநீரில் ஆர்செனிக் அளவு கூடியிருந்தது தெரியவந்தது. 1980-களின் முடிவுக்குள் அந்தக் குடியிருப்பில் இருந்த அத்தனை குடும்பங்களும் நிரந்தரமாக இடம்பெயர்க்கப்பட்டன. இன்று அங்கே ஊர் என்று எதுவும் இல்லை.

ஓல்ட் வொர்க்ஸ் நிலத்தின் கதை இதைவிடச் சிக்கலானது. அது ஊரை ஒட்டியே கிடந்தது. சிறுவர்கள் சைக்கிள் ஓட்டவும் இளைஞர்கள் வண்டியில் மேடேறவும் போகிற இடம். காற்றடித்தால் தூசி ஊருக்குள் வரும்; மழையடித்தால் ஓடைக்குப் போகும். கழிவை முழுவதும் அள்ளி வேறிடம் கொண்டுபோவது நடக்கிற காரியமாக இல்லை. லட்சக்கணக்கான டன் நச்சுமண்ணை லாரியில் ஏற்றி எங்கே இறக்குவது? எந்த ஊர் ஏற்கும்? ஆகவே எஞ்சியிருந்த வழி மூடிவைப்பது. அப்படி மூடிய நிலம் வழக்கமாக வேலி போட்டு, எச்சரிக்கைப் பலகை மாட்டி, யாரும் நுழையாமல் விடப்படும். ஊரின் வாசலில் நிரந்தரமாக ஒரு வேலியா என்று உள்ளூர்க்காரர்கள் கேட்டார்கள். எப்படியும் மண் போட்டுப் புல் வளர்க்கத்தான் போகிறீர்கள், அதைக் கோல்ஃப் மைதானமாகவே செய்துவிடலாமே என்ற யோசனை ஊரிலிருந்துதான் எழுந்தது. முகமை 1994-இல் துப்புரவுத் திட்டத்தை முடிவுசெய்தது. பொறுப்பாளியான நிறுவனம் கட்டிக்கொடுக்க, ஊராட்சி நிர்வாகம் ஏற்றுக்கொள்வது என்று ஏற்பாடாயிற்று. வரைபடம் போட ஜாக் நிக்லஸ் வந்தார். தொழில்முறைக் கோல்ஃபின் பெரும்போட்டிகளில் 18 முறை வென்று இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனைக்குச் சொந்தக்காரர். ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே மைதானங்கள் வடிவமைப்பதையும் தொழிலாகக் கொண்டவர்.

மைதானத்தின் ஒரு துண்டை வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தால் அமைப்பு விளங்கும். அடியில் இடித்துச் சமப்படுத்திய கழிவு. அதன்மேல் சுண்ணாம்புக்கல். கந்தகம் உள்ள கழிவில் நீர் பட்டால் அமிலம் உண்டாகும். அமிலத்தில் தாமிரமும் துத்தநாகமும் கரைந்து ஓடிவிடும். சுண்ணாம்பு அந்த அமிலத்தின் வீரியத்தை முறிக்கிறது. அதற்கு மேலே நீரை எளிதில் விடாத களிமண். அதன்மேல் வேறிடத்திலிருந்து கொண்டுவந்த நல்ல மேல்மண். எல்லாவற்றுக்கும் மேலே விரல் நீளம்கூட இல்லாத புல். புல்லின் வேர் மேல்மண்ணோடு நின்றுவிடும். ஆழமாக வேர்விடும் பெருமரங்களுக்கு இங்கே வேலையில்லை. வேர் இறங்கிய இடத்தில் மூடி விரிசல் விடும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. கழிவுக்குள் தண்ணீர் இறங்கக்கூடாது என்பதற்காகத்தான் மூடி போடப்படுகிறது. ஆனால் கோல்ஃப் புல்லுக்கோ தண்ணீர் நிறைய வேண்டும். மழை அதிகமில்லாத மோன்டானாவில் கோடை முழுவதும் பாய்ச்சியாக வேண்டும். அதனால் பாசனமும் வடிகாலும் சேர்த்தே திட்டமிடப்பட்டன. புல்லுக்குப் போக மிஞ்சும் நீர் கழிவுக்குள் இறங்காதபடி அடியிலேயே வடிக்கப்பட்டு, குட்டைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. தோட்டக்காரர் குழாயைத் திறக்கும் அளவில் கணக்குத் தப்பினால் அது புல்லின் பிரச்சினையோடு நிற்காது. வார்ம் ஸ்பிரிங்ஸ் ஓடை மைதானத்துக்கு நடுவே ஓடுகிறது. வெள்ளம் வந்தால் கழிவை அரித்துக்கொண்டு போகாதபடி அதன் கரைகளும் திருத்தப்பட்டன.

பார்க்க வருகிறவர்கள் பேசுவது இதையெல்லாம் அல்ல, கருமணலைத்தான். கோல்ஃபில் பங்கர் எனப்படும் மணற்குழிகள் ஆட்டக்காரரைத் தண்டிக்க வைக்கப்படுபவை. உலகெங்கும் அவற்றில் வெண்மணலோ பழுப்பு மணலோதான் இருக்கும். ஓல்ட் வொர்க்ஸின் பங்கர்கள் ஈரக்கரி நிறம். உருகிய கசடை நீர்ப்பீச்சில் விட்டால் அது சட்டென்று குளிர்ந்து சிறு மணிகளாக உடையும். வாஷோ ஆலையில் அப்படி உடைத்துக் கொட்டிய குவியல் ஊருக்குக் கிழக்கே நெடுஞ்சாலை ஓரத்தில் குன்றுபோல் நிற்கிறது. நிக்லஸ் அதில் பந்தை அடித்துப் பார்த்து, ஆட்டத்துக்கு ஏற்றதே என்று கண்டபின் பயன்படுத்தினார். மணிகள் ஒரே அளவாக இருப்பதால் நீர் தேங்குவதில்லை. கையில் அள்ளினால் கண்ணாடித் தூள்போல் மினுங்குகிறது. வெயிலில் கரும்பச்சையும் ஊதாவும் கலந்து ஒளி அடிக்கிறது. வெள்ளைப் பந்து கறுப்பில் விழுந்தால் தூரத்திலிருந்தே தெரியும். ஆட்டம் முடிந்து வாரியால் குழியைச் சமப்படுத்தும்போது வாரியின் பற்கள் இழுத்த கோடுகள் உழுத கரிசல்போல் படிகின்றன. நச்சுக் கழிவில் கால் வைக்கலாமா என்ற கேள்வி இயல்பாகவே எழும். கசடில் உள்ள உலோகங்கள் கண்ணாடிக்குள் பிணைந்து கிடப்பவை; வறுத்த தூசியையும் கழுவிய மணலையும்போல எளிதில் காற்றிலோ நீரிலோ கலப்பதில்லை. அபாயம் என்று கருதப்பட்டவை மூடப்பட்டன, அன்று மூடத் தேவையில்லை என்று கருதப்பட்ட கசடு கண்காட்சியானது.

பழைய ஆலையின் தடயங்களும் அழிக்கப்படவில்லை. மலைச்சரிவில் புகையை ஏற்றிச்சென்ற செங்கல் வழிகளின் இடிபாடுகள், உலைகளின் எச்சங்கள், கறுத்த கசடுச் சுவர்கள் ஆகியவை சில ஆட்டப்பாதைகளுக்குப் பின்னணியாக நிற்கின்றன. அவற்றைச் சுற்றி ஒரு நடைபாதையும் விளக்கப் பலகைகளும் உண்டு. உருக்காலை இருந்ததே தெரியாதபடி துடைத்துவிட்டு ஸ்காட்லாந்துப் பசுமையை இறக்குமதி செய்திருக்கலாம். செய்யாதது இந்த மைதானத்தின் மிக நல்ல முடிவு என்றே சொல்லவேண்டும். அப்பனும் பாட்டனும் வேலைசெய்த இடம் என்று ஊர்க்காரர்கள் காட்டுவதற்கு ஏதோ மிஞ்சியிருக்கிறது.

முதல் அடி அடிக்கும் இடமான ‘டீ’களில் மிகப் பின்னால் இருப்பதிலிருந்து அளந்தால் மைதானத்தின் நீளம் 7,700 கெஜத்தை எட்டும். சாதாரண மைதானங்களைவிட இது அதிகம். உயரத்தில் காற்று அடர்த்தி குறைவாக இருப்பதால் பந்து கூடுதல் தூரம் பறக்கும். அதை ஈடுகட்டவே இந்த நீளம். பனிக்காலத்தில் ஆட முடியாது. மே முதல் அக்டோபர்வரை என்று வைத்துக்கொண்டால் ஆண்டில் பாதிதான் வருமானம், ஆனால் புல்லும் மூடியும் ஆண்டு முழுவதும் பராமரிப்பு கேட்கின்றன. திறந்தபோது ஊரின் பொருளாதாரத்தையே இது தூக்கி நிறுத்தும் என்ற நம்பிக்கை பலருக்கு இருந்தது. உருக்காலை தந்த ஆயிரம் வேலையை ஒரு கோல்ஃப் மைதானம் எந்நாளும் தராது. கட்டணம் செலுத்தி யாரும் ஆடலாம் என்பதும், ஊரைத் தேடி வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள் என்பதும்தான் கிடைத்த லாபம்.

கெட்டுப்போன தொழில் நிலத்தில் கோல்ஃப் என்ற யோசனை அனகோண்டாவோடு நிற்கவில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் கடற்கழி ஓரமாக இருந்த மணல்-ஜல்லிக் குவாரியைப் பியர்ஸ் மாவட்ட நிர்வாகம் 1992-இல் வாங்கி, 2007-இல் சேம்பர்ஸ் பே மைதானமாகத் திறந்தது. ஜல்லி பிரித்த ராட்சதக் கான்கிரீட் தொட்டிகள் இன்னும் அங்கே நிற்கின்றன. முழு மைதானத்திலும் ஆட்டப்பாதையில் இருப்பது ஒரே ஒரு மரம். எட்டே ஆண்டில், 2015-இல், அமெரிக்க ஓப்பன் போட்டி அங்கே நடந்து ஜோர்டன் ஸ்பீத் வென்றார். குழியைச் சுற்றியுள்ள ‘கிரீன்’களின் புல் சீராக இல்லை என்று ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தது தலைப்புச் செய்தியானது. பிற்பாடு புல் வகையே மாற்றப்பட்டது. ஃபுளோரிடாவில் பாஸ்பேட் சுரங்கம் விட்டுப்போன மணல்மேடுகளில் ஸ்ட்ரீம்சாங் எழுந்தது. சுரங்க நிறுவனமே அதைக் கட்டியது.

குப்பைமேடுகளில் விஷயம் வேறு. குப்பை மக்கும்போது மீத்தேன் வாயு கிளம்பும், நிலம் ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். குழாய் போட்டு வாயுவை வெளியேற்ற வேண்டும், இறங்கிய இடத்தைத் திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டும். தென்கொரியாவின் இஞ்சியோனில் குப்பைக் கிடங்கின்மேல் அமைத்த மைதானத்தில் 2014 ஆசிய விளையாட்டின் கோல்ஃப் போட்டி நடந்தது. அதே நாட்டின் தலைநகரான சோலில் நடந்தது நேர்மாறு. நான்ஜிதோ குப்பைமலையின்மேல் கட்டிய சிறு கோல்ஃப் மைதானத்தை, ஊரே சேர்ந்து கொட்டிய குப்பையின் மேல் சிலர் மட்டும் ஆடுவதா என்று மக்கள் எதிர்த்தார்கள். 2008-இல் அது எல்லாரும் நடக்கும் பூங்காவாக மாறியது. தண்ணீரும் உரமும் தின்னும் ஆட்டம் என்ற குற்றச்சாட்டு கோல்ஃப்மீது எங்கும் உண்டு. அதில் நியாயமும் உண்டு. நல்ல விளைநிலத்தை விழுங்கும் மைதானத்துக்கும் வேறெதற்கும் உதவாத நிலத்தை மூடும் மைதானத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அந்தக் குற்றச்சாட்டு பலநேரம் கவனிப்பதில்லை.

மூடிவைத்த நிலத்துக்குக் கோல்ஃப் பொருந்துவதன் காரணம் எளிமையானது. வீடு கட்டினால் அஸ்திவாரம் தோண்டவேண்டும், குழாய் புதைக்கவேண்டும், பின்னாளில் யாரோ முருங்கைக் கன்று வைக்கக்கூடக் குழி வெட்டுவார்கள். கோல்ஃபில் யாரும் குடியிருப்பதில்லை, தோண்ட அவசியமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் காலையில் ஆட்கள் மைதானம் முழுவதும் நடந்து புல்லைப் பார்க்கிறார்கள். எங்கே புல் கருகினாலும், எங்கே மண் அரித்தாலும் அன்றே கண்ணில் படும். வேலி போட்ட தரிசில் விரிசல் விட்டால் அடுத்த ஆய்வாளர் வரும்வரை யாருக்கும் தெரியாது.

கழிவு அங்கேயே இருப்பதால் பொறுப்பும் முடிவதில்லை. இத்தகைய இடங்களில் மூடி தாங்குகிறதா என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை முகமை ஆய்வு செய்ய வேண்டும் என்பது சட்டம். அனகோண்டாவில் மண்ணைத் தோண்ட விரும்புகிறவர் உள்ளூர் நிர்வாகத்திடம் அனுமதி பெறவேண்டும். மைதானம் திறந்து கால்நூற்றாண்டு கழிந்தும் மற்ற பகுதிகளின் துப்புரவு முடியவில்லை. 2022 செப்டம்பர் இறுதியில்தான் மிச்ச வேலைகளுக்கான ஒப்பந்தம் அட்லாண்டிக் ரிச்ஃபீல்டுக்கும் அரசுக்கும் இடையே அறிவிக்கப்பட்டது; மதிப்பு சுமார் 8.3 கோடி டாலர். வீட்டு முற்றங்களின் மண்ணை மாற்றுவது, மேட்டுநிலங்களைச் சீர்செய்வது என்று நீளும் அந்த வேலைகளில், எஞ்சிய கசடுக் குவியல்களை மூடுவதும் ஒன்று. நெடுஞ்சாலை ஓரத்துக் கரும்குன்றுகள் மண்ணுக்கடியில் போனபின், அனகோண்டாவின் கசடை வெளிச்சத்தில் பார்க்க விரும்புகிறவர் கோல்ஃப் மைதானத்தின் பங்கருக்குத்தான் போகவேண்டியிருக்கும்.